புதுச்சேரி வடகத்தின் பூர்விகம்

பாரிஸ் நகரத்து வாசனைச் சரக்குக் கடைகளிலும், கடல் கடந்து நியூயார்க் நகரத்து உயர்தர உணவு விடுதிகளின் சமையற்கட்டுகளிலும், சிறிய கண்ணாடிப் புட்டிகளில் அடைபட்டு, மூடியைத் திறந்த மாத்திரத்தில் வறுபட்ட வெங்காயத்தின் இனிய மணமும் வெந்தயத்தின் கசப்பு மணமும் ஒருங்கே எழும்படியாக விளங்கும் ஒரு பதார்த்தத்துக்கு 'வடூவான்' என்று பெயர். அதனைப் பற்றி எழுதும் மேனாட்டுச் சமையல் நூல்களும் பத்திரிகைகளும், பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியை ஆண்ட காலத்தில் தங்கள் நாவுக்கு இசைய உண்டாக்கிக்கொண்ட கலவை அது என்று பெரும்பாலும் எழுதிவிடுகின்றன. படிப்பவர்களும் அவ்வாறே நம்பிவிடுகிறார்கள். ஆனால் சித்திரை மாதத்தில் புதுச்சேரியின் தமிழர் வீதிகளில் நடப்பவர், தலையை நிமிர்த்தி மொட்டைமாடிகளை நோக்குவாராயின், அந்தப் பதார்த்தத்தின் மூலப்பொருள் ஓலைப்பாயின் மேலும் பழைய வேட்டியின் மேலும் உருண்டை உருண்டையாகக் காய்ந்துகொண்டிருப்பதைக் காணலாம். அதற்கு அவ்வீட்டார் வழங்கும் பெயர் தாளிப்பு வடகம் என்பது. இந்த வடகம் யாருடைய சொத்து, எங்ஙனம் உண்டாயிற்று, எவ்வழியாகக் கடல் கடந்தது என்பவற்றை ஓரளவு விரிவாக ஆராய்வது வீண் வேலையாகாது என்பது என் அபிப்பிராயம்.

வடகம் என்றவுடன், அரிசி மாவைக் கூழாகக் காய்ச்சிப் பிழிந்து உலர்த்தி விருந்து நாளில் எண்ணெயில் பொரிக்கும் கூழ்வடகமே பலருடைய நினைவுக்கு வரும். நான் சொல்லப் புகுவது அதுவன்று. வெங்காய வடகம் என்றும், குழம்பு வடகம் என்றும், சில வீடுகளில் வடவம் என்றும் வழங்கும் இது தின்பண்டமன்று. தாளிதத்துக்கென்றே ஆண்டுக்கு ஒருமுறை செய்து சேமிக்கும் வாசனைச் சரக்கு. கீரை மசியலோ, புளிக்குழம்போ, மீன் குழம்போ, கருவாட்டுக் குழம்போ அடுப்பிலிருந்து இறங்கும் தறுவாயில், நல்லெண்ணெயைக் காயவைத்து, உருண்டையிலிருந்து ஒரு நெல்லிக்காய் அளவு கிள்ளி உதிர்த்துப் போட்டால், கடுகு வெடித்து, உளுந்து சிவந்து, வெங்காயத் துணுக்குகள் கருகும் எல்லைக்குச் சற்று முன்னே நின்று, தெருவில் போகிறவரும் இன்ன வீட்டில் இன்ன குழம்பு என்று சொல்லத்தக்க மணம் கிளம்பும். உருண்டையைச் சுட்டோ வறுத்தோ, புளியும் மிளகாயும் கூட்டி அரைக்கும் வடகத் துவையலைப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு உண்டவர்கள் அதனை மறக்கமாட்டார்கள்.

செய்யும் முறை எளிதுபோல் தோன்றினும் பொறுமையை மிகுதியாக வேண்டுவது. ஐந்து கிலோ சின்ன வெங்காயத்துக்கு அரைக் கிலோ பூண்டு, கால் கிலோ கடுகு, கால் கிலோ உடைத்த உளுந்து, அதற்குப் பாதியளவு சீரகம், அதனிலும் குறைவாக வெந்தயம், மஞ்சள் தூள், கல்லுப்பு, இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை, கடைசியில் விளக்கெண்ணெய் என்பது பொதுவான ஒரு கணக்கு. வீட்டுக்கு வீடு இது மாறும். வெங்காயத்தின் காய்ந்த மேல்தோலை நீக்கி, உரலில் இட்டு, விழுதாகிவிடாமல் ஒன்றிரண்டாக இடிக்கவேண்டும். பூண்டைத் தோலோடு நசுக்குவதே வழக்கம். எல்லாவற்றையும் கலந்து, மண்பானையிலோ சாடியிலோ ஓர் இரவு மூடிவைத்தால், உப்பின் சக்தியால் வெங்காயத்தின் நீரெல்லாம் வெளிப்பட்டு, மறுநாள் காலையில் புளிப்பும் காரமும் கலந்த ஒரு வாடை பானையிலிருந்து எழும். அப்போது கலவையைப் பிழிந்து உருண்டை பிடித்து வெயிலில் வைத்து, வடிந்த சாற்றைத் தனியே பானையிலேயே நிறுத்தி, மாலையில் உருண்டைகளை உதிர்த்து அந்தச் சாற்றோடு மீண்டும் பிசைந்து மூடிவைப்பார்கள். சாறு முழுவதும் உறிஞ்சப்படும் வரையில் இவ்வாறு நடக்கும். பிறகும் நாள்தோறும் உதிர்ப்பதும் பிடிப்பதுமாக ஒரு வாரமோ பத்து நாளோ செல்லும். வெண்மையாகவும் இளஞ்சிவப்பாகவும் இருந்த கலவை பொன்னிறமாகி, செம்பழுப்பாகி, கடைசியில் ஏறக்குறைய கருமையாகிவிடும். ஐந்து கிலோ வெங்காயத்தில் எஞ்சுவது, மற்றச் சரக்குகளையும் சேர்த்து, இரண்டு கிலோவுக்குள் அடங்கும். உள்ளும் புறமும் ஈரம் அற்றபின், விளக்கெண்ணெயைக் கையில் தடவிக்கொண்டு ஒவ்வோர் உருண்டையையும் இறுக்கிப் பிடித்து, சாடியில் அடுக்கி, வாயைத் துணியால் கட்டிவைத்தால் அடுத்த சித்திரை வரையில் கெடாது. சரியாகக் காய்ந்தது அதற்கு அப்பாலும் நிற்கும்.

இந்த முறையில் அடங்கியுள்ள அறிவு வியப்புக்குரியது. இலையையும் பூண்டையும் உலர்த்திச் சேமிப்பது உலகம் முழுவதிலும் உள்ள வழக்கந்தான். பிரான்சின் தென்பகுதியாகிய ப்ரோவான்ஸ் நாட்டார் தைம், ரோஸ்மரி முதலான செடிகளைக் கொத்தாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்திக்கொள்கிறார்கள். அந்தச் செடிகள் வறண்ட குன்றுகளில் வளர்பவை; அவற்றின் வாசனைத் தைலம் தடித்த சிற்றிலைகளுக்குள் பத்திரமாக இருப்பதால், உலர்ந்தபின்னும் மணம் குன்றுவதில்லை. நம்முடைய கறிவேப்பிலையும் கொத்துமல்லித் தழையும் அத்தகையன அல்ல. கொத்துமல்லித் தழையைக் காயவைத்தால் வைக்கோல்தான் மிஞ்சும். கறிவேப்பிலையை வெயிலில் போட்டால் நிறமும் மணமும் இரண்டே நாளில் பறந்துவிடும். நிழலில் உலர்த்தினால் ஓரளவு தங்கும். மூலிகைகளுள் நிழலில் உலர்த்தத்தக்கவை இவை, வெயிலில் உலர்த்தத்தக்கவை இவை என்று நம் சித்த வைத்தியர்கள் பிரித்துவைத்ததும் இக்காரணம் பற்றியே. ஆகவே, பச்சை இலையைத் தனியே உலர்த்தாமல், வெங்காயச் சாற்றிலும் உப்பிலும் ஊறவைத்து, உருண்டையின் நடுவே பொதித்து, வெயில் நேராகத் தாக்காதபடி மெல்ல உலர்த்தி, கடைசியில் அதன் மேல் விளக்கெண்ணெய்ப் பூச்சும் இடும் உபாயத்தைக் கண்டவர்கள் இந்த மண்ணின் தாவரங்களுடைய சுபாவத்தை நன்கு அறிந்தவர்களாகவே இருக்கவேண்டும். விளக்கெண்ணெய் தடவிய பருப்பை வண்டு அண்டாது என்பதை நம் வீட்டுப் பெண்டிர் நெடுங்காலமாக அறிவர். அதே எண்ணெய் இங்கும் காவலாயிற்று. அதன் பச்சை வாடை தாளிக்கும் சூட்டில் போய்விடுகிறது.

இந்தக் கடற்கரையில் உலர்த்திச் சேமிக்கும் வழக்கம் மிகத் தொன்மையானது. புதுச்சேரிக்கு வடக்கே உள்ள மரக்காணத்தைச் சார்ந்ததென்று அறிஞர் கருதும் எயிற்பட்டினத்தில், நெய்தல் நிலத்துப் பரதவர் விருந்தினருக்கு உலர்ந்த குழல்மீனைச் சுட்டுக் கொடுத்த செய்தி சிறுபாணாற்றுப்படையில் வருகிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, அந்தணர் இல்லத்தில் கறிவேப்பிலையும் மிளகும் கூட்டிச் சமைத்ததையும், மாவடுவை ஊறுகாயாகப் போட்டுவைத்ததையும் குறிப்பிடுகிறது. நகரத்துக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை 1945-இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோது, உரோமாபுரியோடு இவ்வூர் நடத்திய வாணிகத்தின் சான்றுகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. இவற்றால் வடகம் அக்காலத்திலேயே இருந்தது என்று நான் சாதிக்கவரவில்லை. உலர்த்துதல், உப்பிடுதல், கறிவேப்பிலை கூட்டுதல் ஆகிய மூன்றும் பிரெஞ்சுக்காரர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவை என்பதே இங்கு வேண்டுவது.

வேறொரு பிரமாணமும் உண்டு. அதுவே எனக்கு வலிமையுடையதாகத் தோன்றுகிறது. வடகத்தின் சேர்மானத்தை மறுபடியும் பாருங்கள். வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, ஆமணக்கு என்ற இவற்றுள் ஒன்றேனும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததன்று. 1498-இல் போர்த்துகீசியர் இந்தியாவுக்குக் கடல் வழி கண்டபின் அவர்கள் மூலமாகப் பரவிய மிளகாய், இன்று சாம்பார்ப் பொடியிலும் குழம்பு மிளகாய்த் தூளிலும் முதல் ஸ்தானத்தை வகிக்கிறது. அதனை நீக்கினால் அந்தப் பொடிகள் இல்லை. வடகமோ, சில வீடுகளில் கொஞ்சம் மிளகாய் சேர்ப்பது உண்டெனினும், அது இல்லாமலே பூரணமாக நிற்கிறது. ஐரோப்பியர் வந்தபின் இங்கே புதிதாகப் புனையப்பட்ட சரக்காயின், அக்காலத்துப் புதுமோகமாகிய மிளகாய் அதன் உடலில் கலந்திருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. இது ஒன்றே வழக்கை முடித்துவிடாது. ஆயினும் புறக்கணிக்கத்தக்கதும் அன்று.

இனி நகரத்தின் சரித்திரத்துக்கு வருவோம். 1664-இல் கொல்பேர் என்ற மந்திரியின் முயற்சியால் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஸ்தாபிதமாயிற்று. 1674-இல் அந்தக் கம்பெனியின் பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் நிலைகொண்டார். 1693-இல் ஒல்லாந்தர் ஊரைப் பிடித்து, 1699-இல் திருப்பிக் கொடுத்தார்கள். நேர்கோடாக ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வீதிகளுக்கு அவர்கள் வகுத்த திட்டமே அடிப்படை. கடலோரத்து வெள்ளையர் பகுதிக்கும் மேற்கே தமிழர் பகுதிக்கும் இடையே பெரிய வாய்க்கால் எல்லையாக ஓடியது. தமிழர் வீடுகளின் அமைப்பை நோக்கினால், தெருவில் தாழ்வாரமும் திண்ணையும், உள்ளே வானம் பார்த்த முற்றமும், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் பாவிய மொட்டைமாடியும் அமைந்திருக்கும். மாடி காலை வெயிலுக்கும், முற்றம் இடிப்பதற்கும் புடைப்பதற்கும், தாழ்வாரத்து நிழல் கறிவேப்பிலைக்கும் என்று அந்த வீட்டின் ஒவ்வோர் உறுப்பும் உலர்த்தும் தொழிலில் பங்குகொண்டது. பிற்பகலில் கடற்காற்று ஏறிக் காற்றில் ஈரம் கூடும் ஊர் இது. எனவே மூன்று நாழிகைப் பொழுது மீதி இருக்கும்போதே உருண்டைகளை உள்ளே எடுத்துவிடுவது பழைய சம்பிரதாயம்.

வடகம் இடுவதற்குக் கத்திரி வெயிலைத் தேர்ந்ததற்கு வெப்பம் மட்டும் காரணமன்று. புதுச்சேரியின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவக் காற்றோடு வருவது. அந்நாட்களில் விறகு நனையும், வெங்காயம் அழுகும், விலை ஏறும், கட்டுமரங்கள் கடலுக்குப் போகா. கோடையில் கைப்பிடியளவாக ஒடுக்கிவைத்த வெங்காயமும் பூண்டும் கறிவேப்பிலையும் அப்போது குடும்பத்தைத் தாங்கின. இயற்கையின் மழைக்காலம் போதாதென்று, இந்த ஊருக்கு யுத்தத்தின் மழைக்காலங்களும் வாய்த்தன. 1748-இல் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவன் பாஸ்காவன் முற்றுகையிட்டான். 1760-இல் தொடங்கிய முற்றுகையில் உணவற்று மெலிந்து, பிரெஞ்சுத் தளபதி லாலியின் காலத்தில், 1761 ஜனவரியில் நகரம் சரணடைந்தது. ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1778-இலும் 1793-இலும் மறுபடி முற்றுகை வந்தது. சாடியில் உள்ள புளி, உப்பு, கருவாடு, வடகம் இவற்றின் அருமையை இத்தகைய ஊரின் மக்கள் அறிந்த அளவுக்கு மற்றவர் அறிந்திருக்க முடியாது.

கம்பெனியின் கணக்குகளுக்கு முக்கியமாயிருந்தவை துணி மூட்டைகளும், நீலமும், மாஹே துறையிலிருந்து வந்த மிளகும். பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரையில் எழுதிய தினப்படிச் சேதிக்குறிப்பு, அரசியலையும் வாணிகத்தையும் கப்பல் வரவையும் சபைச் சண்டைகளையும் நமக்கு நேரில் காட்டும் அரிய பொக்கிஷம். நகரம் வீழ்ந்த அதே ஜனவரி மாதத்தில் அவரும் காலமானார். அரண்மனைக்கும் கிடங்குக்கும் பத்திரம் உண்டு. அடுப்படிக்குப் பத்திரம் இல்லை. ஆகையால் வடகத்தின் சரித்திரத்தை ஏட்டில் தேடுவதைக் காட்டிலும் நிலத்தில் தேடுவதே தகும்.

நிலம் சொல்லும் சாட்சியம் தெளிவானது. பிரெஞ்சுப் புதுச்சேரி ஒரே துண்டாக அமைந்த நாடன்று. பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு முதலிய பகுதிகள் ஆங்கிலேயரின் தென்னார்க்காடு ஜில்லாவுக்குள் தீவுகளைப் போலச் சிதறிக் கிடந்தன. ஒரு கிராமத்தின் களத்துமேடு பிரெஞ்சு எல்லையிலும் அதன் ஏரி இங்கிலீஷ் எல்லையிலும் இருக்கக்கூடிய நிலைமை. இந்த எல்லைகளுக்கு இருபுறமும், கடலூரிலும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும், பிரெஞ்சு எல்லைக்கு வெகு தூரத்தில் உள்ள திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களிலும், இதே வெங்காயம், இதே விளக்கெண்ணெய், இதே இரவு மூட்டம், இதே மாலைப் பிசைவு என்று வடகம் செய்யப்படுகிறது. கவர்னர் மாளிகையில் தோன்றிய புதுமை ஒன்று, ஒரு வார்த்தை பிரெஞ்சு அறியாத உழவர் வீடுகளுக்கெல்லாம் இவ்வளவு மாறாமல் சென்று படிந்தது என்பது பொருந்தாக் கூற்று. அந்த வீடுகளிலிருந்து அது மாளிகைக்குச் சென்றது என்பதே பொருந்தும். என் முடிவு இதுதான்: வடகம் நடுநாடு என்று வழங்கும் இப்பகுதியின் தமிழ்ப் பெண்களின் கைப்படைப்பு. பிரெஞ்சுக்காரர் அதனை உண்டார்கள், விரும்பினார்கள், தமக்கேற்ப மாற்றினார்கள், தூரதேசங்களுக்கு அதன் பெயரைக் கொண்டுசென்றார்கள். அந்தப் பெருமை அவர்களுக்கு உரியது. உண்டாக்கிய பெருமை உரியதன்று.

வாய்க்காலைத் தாண்டி அது வெள்ளையர் வீட்டுக்குள் புகுந்த வழி, புதுச்சேரித் தமிழில் குசினி என்று வழங்கும் சமையற்கட்டு. அங்கே அடுப்பின் முன் நின்றவர்கள் தமிழர். துரை வீட்டு மேஜைக்குக் காரமும் புளிப்பும் குறைத்து, தேங்காய்ப்பாலோ வெண்ணெயோ கூட்டி, மீனையும் கோழியையும் சமைக்கும்போது, மிளகாய் இல்லாமலே மணம் தரவல்ல வடகம் அவர்களுக்கு உற்ற துணையாயிற்று. ஐரோப்பியத் தந்தையருக்கும் இந்நாட்டுத் தாயருக்கும் வழிவந்த கிரயோல் குடும்பங்களின் சமையலில் தமிழ் முறையும் பிரெஞ்சு முறையும் போர்த்துகீசிய முறையும் கலந்தன. தமிழர் குழம்பின் இறுதியில் தாளிதமாகச் சேர்க்கும் சரக்கு, அந்த வீடுகளில் ஆரம்பத்திலேயே கொழுப்பில் இட்டுப் பதமாக வதக்கும் அடிமணமாகவும் உபயோகப்பட்டது. சிறிய மாறுதல்தான், ஆயினும் பிற்காலத்து மேனாட்டுச் சமையற்காரர்கள் பிடித்துக்கொண்டது இந்த இடத்தையே.

இனி, இந்த மணம் கடல் கடந்த வழிகளைக் காண்போம். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறிய தமிழரின் கதை, நகரத்தின் பெருமைகளைப் பேசும்போது பலரும் விரைந்து கடந்துவிடும் துயரக் கதை. 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைத்தனம் ஒழிக்கப்பட்டபின், கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகள் தேவைப்பட்டார்கள். ரெயூனியன் தீவுக்கு அதற்கு முன்பே, 1828 முதல், ஆட்களை அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். 1853 மே மாதத்தில் 'ஒரேலி' என்ற கப்பல் மர்த்தினிக் தீவை அடைந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப் தீவுக்கு ஆட்களைக் கொண்டுசென்றது. 1860, 1861 ஆண்டுகளில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கைகளால் இந்த ஆள்வாணிகம் இன்னும் பெருகிற்று. ஒப்பந்தத்தால் கட்டுண்டு, திரும்பும் நம்பிக்கை தேய்ந்து, மொழியையும் நாளடைவில் இழந்த அந்த மக்களின் சந்ததியார் இன்றும் விடாமல் வைத்திருப்பவை தெய்வ வழிபாடும் சமையலுமே. ரெயூனியனில் கறிவேப்பிலை 'கலூபிலே' என்ற பெயரோடு வீட்டுத் தோட்டத்தில் நிற்கிறது. அங்கே ஆட்டுக்கறியில் இடும் பொடிக்கு 'மசலே' என்று பெயர். மர்த்தினிக், குவாதலூப் தீவுகளில் மல்லியும் கடுகும் மஞ்சளும் பூண்டும் கூடிய 'கொலம்போ' தேசிய உணவாகவே போற்றப்படுகிறது.

தமிழ்ச் சமையலின் மணம் பிரான்சுக்குள் நுழைந்த வழி வேறு. கம்பெனியின் கப்பல்களுக்காகவே 1666-இல் எழுந்த துறைமுகம் லோரியான். அங்கே கோஸ் என்ற மருந்துக்கடைக்காரர் 19-ஆம் நூற்றாண்டில் கூட்டிய 'கரி கோஸ்' என்னும் பொடி, இன்றும் பிரெத்தாஞ் கடற்கரையில் சிங்கி இறால் சமைப்பவர்களுக்கு இன்றியமையாதது. 1889-ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சியை ஒட்டிக் கறிப்பொடிக்கு அரசாங்கமே ஒரு சேர்மானத்தை விதித்ததாக லரூஸ் சமையற் கலைக்களஞ்சியம் சொல்கிறது. அந்தச் சேர்மானத்தில் மிகுந்த எடை பெறுவது வெங்காயம், 44 கிராம். அடுத்தது புளி, 34 கிராம். அதற்குப் பின்னரே மல்லியும் மிளகாயும் பிறவும். இங்கிலாந்துக்காரர் தகர டப்பியில் அடைத்து விற்ற கறிப்பொடிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிந்தித்தால், பிரான்சு அறிந்த இந்திய மணம் வெங்காயமும் புளியும் ஆளும் தமிழ்க் குழம்பின் மணம் என்பது புலனாகும்.

பிரெஞ்சு இந்தோசீனா ஏற்பட்டபின் சைகோன் நகரத்துக்கு உத்தியோகஸ்தராகவும் வணிகராகவும் சிப்பாய்களாகவும் புதுச்சேரித் தமிழர் பலர் சென்றனர். 1954 நவம்பர் 1-இல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைப்பு பூர்த்தியாயிற்று. அப்போது சில ஆயிரம் பேர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டார்கள். பிரெஞ்சுப் படையில் சேவித்து ஓய்வூதியம் பெறும் 'சொல்தா' குடும்பங்கள் இன்றும் ஊரில் உண்டு. இவர்களுடைய மக்களும் பேரரும் பாரிசுக்கும் அதன் புறநகர்களுக்கும் குடியேறியபோது, பெட்டியில் இடம் பிடித்துக்கொண்ட பொருள்களுள் வடகமும் ஒன்று. நீர் இல்லாத பண்டமாதலால் நெடும்பயணத்தில் அது கெடாது, மணம் வெளிப்படாமலிருக்க ஏழு சுற்றுத் துணி கட்டவேண்டியதே சிரமம். 1970-களில் பாரிசின் பத்தாவது வட்டாரத்தில் உள்ள பிராடி நடைபாதைச் சந்தில் புதுச்சேரிக்காரர் ஒருவர் தொடங்கிய உணவு விடுதியைத் தொடர்ந்து அங்கே இந்தியக் கடைகளின் வரிசையே எழுந்தது.

இருபத்தொன்றாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடிவதற்குள் அமெரிக்கச் சமையற் கலைஞர்களும் வடூவானைக் கண்டுகொண்டார்கள். பூசணிச் சாற்றிலும், கடற்சிப்பியிலும், வெண்ணெயிலும் அதனைச் சேர்த்தார்கள். அவர்களுடைய செய்முறையில் வெங்காயத்தை எண்ணெயோடு மின்னடுப்பின் உள்ளே வைத்து ஒரே பிற்பகலில் சிவக்கவைத்து, பொடித்த சரக்குகளைக் கலந்துவிடுகிறார்கள். மணம் இனிதாகவே இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் உப்பில் ஊறி ஓரிரவு புளிப்பதும், நாள்தோறும் உதிர்ந்து உதிர்ந்து பத்து வெயில் காண்பதும் தரும் ஆழ்ந்த சுவை அதில் இல்லை. வெந்தயமும் கடுகும் முழுதாக நின்று, சாற்றை உறிஞ்சிப் பருத்து, மீண்டும் ஒடுங்கி, எண்ணெயில் விழுந்த கணத்தில் வெடிக்கும் அந்த விசேஷமும் பொடியில் இல்லை. வெயில் காயாத வடகத்தை வடகம் என்று ஒப்புக்கொள்ள என் மனம் இசையவில்லை.

தாயகத்தின் நிலைமையும் மகிழத்தக்கதாக இல்லை. துய்ப்ளே வீதி நேரு வீதியாகப் பெயர் மாறியதுபோல் வெறும் பெயர் மாற்றமன்று இது. வீட்டின் உடலே மாறிவிட்டது. முற்றம் வைத்த வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்தன. மாடியில் நீர்த்தொட்டியும் கைப்பேசிக் கோபுரமும் இடம் கொண்டன. வைசியாள் வீதியில் பழைய தமிழ் வீடுகளின் முகப்பைப் புதுப்பித்த, பாரம்பரியம் காக்கும் இன்டாக் அமைப்பின் பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. திண்ணையும் தாழ்வாரமும் அங்கே பிழைத்தன. அந்தத் தாழ்வாரத்தில் வெங்காயம் உரிக்க உட்காருபவர்கள் குறைந்துவிட்டார்கள். கண் எரிய எரியக் கூடை கூடையாக உரித்து, உலக்கை பிடித்து இடித்த அந்த உழைப்பைச் சாமானியமாக எண்ணிவிடக்கூடாது; அதிலிருந்து விடுபட்ட பெண்களைக் குறைகூற எவருக்கும் உரிமை இல்லை. மின்யந்திரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி இடிக்கும் வேலையைக் குறைத்துக்கொள்வதில் பழுதொன்றும் காணேன். பெரிய மார்க்கெட்டிலும் சுற்றுப்புறத்துச் சந்தைகளிலும் கோடைக்குப்பின் வடக உருண்டைகள் விலைக்குக் கிடைக்கின்றன. கிராமத்துப் பெண்கள் செய்து விற்பவை நல்லவை. வாங்கும்போது உருண்டையை உடைத்து, உட்புறமும் புறத்தைப் போலவே கறுத்து உலர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். நடுவில் ஈரம் இருப்பின் மழைக்கு முன்பே பூசணம் பூக்கும்.

புதுச்சேரிப் பிரதேசத்தின் வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்கும், திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மைக்கும் புவிசார் குறியீடு பெற்று, அந்தக் கைவினைஞரின் பெயரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். 1955-இல் ஸ்தாபிதமான பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் தென்னாட்டுத் தாவரங்களின் உலர்மாதிரிகளையும், யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2005-இல் இடம்பெற்ற சைவச் சுவடிகளையும் போற்றி வைத்திருக்கிறது. காலாப்பட்டில் 1985 முதல் ஒரு மத்தியப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. இத்தகைய ஸ்தாபனங்கள் நகரத்திலும் கிராமத்திலும் வீடு வீடாகச் சென்று, வடகத்தின் அளவையும் பக்குவத்தையும், இன்ன சாதியார் இன்ன சரக்குச் சேர்ப்பர், கிறிஸ்தவர் வீட்டு முறை என்ன, முஸ்லிம் வீட்டு முறை என்ன, கிரயோல் வீட்டு முறை என்ன என்பவற்றையும் சொல்பவரின் சொல்லிலேயே எழுதித் தொகுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரியவர்கள் இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் அதுவரை காத்திருக்கவேண்டாம். வருகிற சித்திரையில் ஒரு கிலோ சின்ன வெங்காயம் வாங்கி, பாட்டியையோ அத்தையையோ அருகில் உட்காரவைத்து, அவர்கள் கைப்பிடியால் அளப்பதைத் தராசில் இட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிரான்சுக்கு அனுப்பும் வணிகர்கள், புட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் வடூவான் என்று எழுதினாலும், அதன் கீழே 'தாளிப்பு வடகம், புதுச்சேரி' என்று தமிழிலும் அச்சிடுவார்களாக.